பெயர் மாறிக்கொண்டே இருந்த கணினியுடன் 27 ஆண்டுகள்

கேரளத்தின் பாலக்காட்டுக்கு அருகே கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்புக் கம்பி ஆலையின் கணினிப் பிரிவில் 1998இல் சேர்ந்தேன். எடைமேடைச் சீட்டு, பில், ஸ்டாக், சம்பளம் எல்லாம் அன்று ஐபிஎம் நிறுவனத்தின் வணிகக் கணினியான ஏஎஸ்/400இல் ஓடின. இன்றும் அதன் வாரிசில்தான் ஓடுகின்றன.

அதன் உழைப்புக்கு ஒரு காட்சி போதும். எடைமேடை நிரலை 1993இல் எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். திருத்தக்கூடிய வடிவமான மூல நிரலும் தொலைந்துவிட்டது. 2011இல் ஐபிஎம்மின் புதிய ‘பவர்’ வகை இயந்திரத்துக்கு மாறிய நாள் காலை, கோயம்புத்தூருக்குக் கம்பி ஏற்றிய லாரி மேடையில் நிற்கிறது. எனக்குக் கை நடுங்கியது. பொத்தானை அழுத்தியதும் திரை சில நொடிகள் அப்படியே நின்றது. பிறகு பிரிண்டர் கரகரவென்று சீட்டைத் தள்ளியது. மறுமாற்றத்துக்கு வேண்டிய தகவல் நிரலுக்குள்ளேயே இருந்ததால், புதிய செயலிக்கு ஏற்ப இயங்குதளமே அதை மாற்றிக்கொண்டது. அடுத்த லாரிக்கு அந்தத் தாமதமும் இல்லை. தரவுத்தளம் இயங்குதளத்துக்குள்ளேயே இருப்பதால் அதைத் தனியாக வாங்கி நிறுவிப் பராமரிக்கும் வேலையும் எங்களுக்கு இருந்ததில்லை.

இவ்வளவு நல்ல இயந்திரத்தின் பெயரை ஊரில் யாருக்கும் தெரியாது. ஐபிஎம் 1988இல் வெளியிட்ட ஏஎஸ்/400 என்ற பெயர் நன்றாக வேரூன்றியிருந்தது. 2000இல் அதை ஐசீரிஸ் என்றார்கள். 2004இல் ஐ5, 2006இல் சிஸ்டம் ஐ. 2008இல் வன்பொருள் பவர் சிஸ்டம்ஸ் குடும்பத்தில் கலந்துவிட்டது. இயங்குதளத்துக்கு ஐபிஎம் ஐ என்ற பெயர் மிஞ்சியது. ஒற்றை எழுத்தை வைத்து யார் எதைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள்?

பூக்கடைக்கு விளம்பரம் தேவையில்லை என்பார் எங்கள் முதலாளி. பூவின் மணம் தெருவுக்கு வரும். குளிர்பதன அறைக்குள் பூட்டிக் கிடக்கும் இயந்திரத்தின் மணம் யாருக்கு எட்டும்? பழுதாகும் பொருளைப் பற்றியாவது நாலு பேர் பேசுவார்கள். இது பழுதாகவும் இல்லை, விற்பவர்களும் வாய் திறக்கவில்லை.

2016இல் சின்ன முதலாளி ஓர் ஆலோசகரை அழைத்துவந்தார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தைப் பார்த்ததும் அவர், "இது ஏஎஸ்/400 அல்லவா? எப்போதோ நிறுத்திவிட்டார்களே!" என்றார். அந்த ஆண்டுதான் இயங்குதளத்தின் 7.3 பதிப்பு வந்திருந்தது. நான் சொன்னேன். ஆனால் காட்டுவதற்கு என்னிடம் ஒரு விளம்பரத் தாள்கூட இல்லை. அவரிடம் வண்ணப் படங்களுடன் முழுக் கோப்பே இருந்தது. இரண்டாவது யூனிட்டுக்கு அவர் சொன்ன மென்பொருளையே வாங்கினார்கள். திறமையில் தோற்றிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் தோற்றதுதான் இன்றும் வலிக்கிறது.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. பாலக்காட்டுக்குள் விற்றால் வரியை மத்திய, மாநிலப் பங்காகப் பிரிக்க வேண்டும். தமிழக எல்லையான வாளையாரைத் தாண்டிவிட்டால் மாநிலங்களுக்கு இடையிலான வரியான ஐஜிஎஸ்டி. இதே இயந்திரத்தில் பில் நிரலைத் திருத்தி, முதல் நாளே சரியான பில் போட்டோம்.

குறைகளும் உண்டு. செலவு அதிகம். பச்சைத் திரை புதியவர்களை மிரட்டுகிறது. அதே தகவலை பிரவுசரில் காட்ட வழியிருந்தும் நாங்கள் தாமதமாகத்தான் செய்தோம். பெரிய குறை ஆள் பஞ்சம். இதன் நிரல்களை எழுதும் ஆர்பிஜி மொழியைக் கற்றுத் தரும் கல்லூரி எதையும் இந்தப் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. பெயரே கேள்விப்படாத ஒன்றைப் பிள்ளைகள் எப்படிப் படிக்க வருவார்கள்?

போன வருடம் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரிலிருந்து ஒரு பையன் சேர்ந்தான். ஆர்பிஜியின் புதிய வடிவம் அவன் படித்த மொழிகளைப் போலவே இருப்பதால் மூன்றே மாதத்தில் கை வந்துவிட்டது. அண்மையில் தன் விவரக் குறிப்பைக் கொண்டுவந்து, "சார், ஏஎஸ்/400 என்று எழுதட்டுமா, ஐபிஎம் ஐ என்று எழுதட்டுமா?" என்று கேட்டான். இரண்டையும் எழுது, பழைய பெயரை முதலில் போடு என்றேன்.