செரோ 225ஆ, 250ஆ? மலையக ரோட்டுக்கு எது?

ட்ரெயில் பைக் (கரடுமுரடான ரோட்டுக்கும் ஏற்ற பைக்) ஒன்று எடுக்கப் போகிறேன், யமஹா செரோவில் பழைய 225 சிசி நல்லதா, புதிய 250 நல்லதா என்று யார் கேட்டாலும் என் பதில் 225தான். இரண்டையும் பார்த்து, இரண்டுக்கும் விலை பேசி, கடைசியில் பழையதை எடுத்து மஸ்கெலியா பக்கத்துத் தோட்ட ரோடுகளில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. 250 என் மச்சானிடம் இருக்கிறது, பண்டாரவளையில். அங்கே போகும்போதெல்லாம் வாங்கி ஓட்டுவேன், ஆனால் அதைக் கழற்றிப் பூட்டிய அனுபவம் எனக்கு இல்லை. 250 பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்குள் வைத்துப் படியுங்கள்.

முதலில் எந்த வருடத்து வண்டி எது என்று தெரிந்துகொண்டால் விற்பவர் சொல்லும் கதையைச் சரிபார்க்கலாம். 225 ஜப்பானில் 1985இல் வந்தது, அப்போது கிக் மட்டும்தான். 1989இல் செல்ஃப் ஸ்டார்ட் சேர்ந்தது, 1993இல் பின்பக்கமும் டிஸ்க் பிரேக் ஆனது, 1997க்குப் பிறகு வந்தவற்றில் பின் டயர் டியூப்லெஸ். 250 வந்தது 2005இல். அதுவும் முதல் மூன்று வருடம் கார்புரேட்டரோடுதான் (காற்றின் இழுப்பில் பெட்ரோலைக் கலக்கும் பாகம்) வந்தது, 2008இல்தான் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை அளந்து பீய்ச்சும் முறை). புகை விதிகள் இறுகியதால் 2017இல் நிறுத்தி, 2018இல் திருத்தி மறுபடி விட்டார்கள். 2020இல் உற்பத்தியே முடிந்துவிட்டது. அதாவது நாம் ‘புதியது’ என்று சொல்வதும் இப்போது தயாரிப்பில் இல்லாத வண்டிதான். அதற்கு மேல், நம் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் உள்ளே இருந்த வண்டிகளே கை மாறி மாறி ஓடின. ஆகவே 250 என்றாலே ஓடித் தேயாத வண்டி என்று நினைத்துப் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டுக்கும் பொதுவானதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இரண்டும் காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர், ரேடியேட்டர் கிடையாது, கல்லில் அடிபட்டு உடைய வேண்டியது ஒன்று குறைவு. முன்னால் 21 இஞ்ச், பின்னால் 18 இஞ்ச் சக்கரம். செயின் 428 அளவு, ஊரில் ஓடும் சாதாரண பைக்குகள் பலவற்றுக்கும் அதே அளவுதான், அதனால் ஹட்டனிலேயே கிடைக்கும். சீட் உயரம் இரண்டிலும் சராசரி உயரமுள்ளவர் கால் ஊன்றுகிற அளவு. லைட் விஷயத்தில் பேச்சே இல்லை, 250 நன்றாக இருக்கிறது. இரவு மூடுபனியில் பழைய செரோவின் லைட்டை நம்பி வட்டவளையைத் தாண்டுவது கஷ்டமான வேலை.

கியரில் வித்தியாசம் உண்டு. 225க்கு ஆறு, 250க்கு ஐந்து. தட்டை ரோட்டில் இதைக் கவனிக்கவே மாட்டீர்கள். இறம்பொடையிலிருந்து லபுக்கலை ஏறும்போது முடக்குக்கு முடக்கு கியர் மாற்றுகிற இடத்தில் தெரியும்: 225இல் ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சின்னது, ஏறுகிற வேகம் குறையாமல் அடுத்ததைப் போடலாம். 250இல் இழுவை கூடுதல் என்பதால் அதே இடத்தில் கியர் மாற்றாமலே ஏறிவிடும், பின்னால் ஆள் இருந்தாலும். எடையில் 250, பெட்ரோல் எண்ணெய் எல்லாம் சேர்த்து 130 கிலோ அளவு. 225 அதைவிடப் பத்துப் பதினைந்து கிலோ குறைவு. மழைக்காலத்தில் தோட்டத்து ரோட்டில் மண் சரிந்து, வண்டியைத் தூக்கித் திருப்ப வேண்டி வருகிறபோது அந்தப் பத்துக் கிலோ கைக்குத் தெரியும்.

இன்ஜெக்‌ஷனுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கார்புரேட்டருக்கு இது தெரியாது, கொழும்பில் விட்ட அளவுக்கே பெட்ரோலை விட்டுக்கொண்டிருக்கும். காற்று குறைந்து பெட்ரோல் கூடிவிடுவதால் பிளக் கறுக்கும், இழுவை மந்தமாகும், பெட்ரோலும் கூடக் குடிக்கும். இன்ஜெக்‌ஷன் உள்ள 250 அதைத் தானே அளந்து சரிசெய்துகொள்கிறது. காலையில் குளிரில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகிறது, சோக் இழுத்துக் காத்திருக்கும் வேலை இல்லை. கொழும்புக்கும் நுவரெலியாவுக்கும் மாறி மாறி ஓடுகிறவருக்கு இது பெரிய நிம்மதி. என்னைப் போல எப்போதும் மேலேயே ஓட்டுகிறவர் மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துளையுள்ள திருகை) ஓர் அளவு சின்னதாக்கிப் போட்டுவிட்டால் பிரச்சினை முக்கால்வாசி தீர்ந்துவிடும். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தால் கார்புரேட்டரின் அடியில் இருக்கும் திருகாணியைத் திறந்து ரோட்டோரத்திலேயே வடித்துவிடலாம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப் டேங்குக்குள் இருக்கிறது. பெட்டரி முழுக்க இறங்கிவிட்டால் அந்தப் பம்ப் ஓடாது, சரிவில் தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதும் நடக்காது. மச்சானின் வண்டி இதுவரை அப்படி நின்றதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது கார்புரேட்டரோ இன்ஜெக்‌ஷனோ இல்லை, சிலிண்டர். இதை யாரும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

225இன் சிலிண்டருக்குள் இரும்பு ஸ்லீவ், அதாவது பிஸ்டன் ஓடும் இரும்புக் குழாய், இருக்கிறது. உள்விட்டம் 70 மில்லிமீட்டர். தேய்ந்துவிட்டால் லேத்தில் கொடுத்து அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ கடைந்து பெரிதாக்கி, அந்த அளவுக்கு ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் போட்டால் எஞ்சின் மறுபடி புதிது. 250இல் பிஸ்டன் ஓட்டம் அதே 58 மில்லிமீட்டர், விட்டத்தை மட்டும் 74 ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் ஸ்லீவ் கிடையாது. அலுமினிய சிலிண்டரின் உட்சுவரில் கடினமான செராமிக் கலந்த பூச்சு. எடை குறைவு, சூட்டைச் சீக்கிரம் வெளியே விடும், இரும்பை விட நெடுநாள் தேயாது. எல்லாம் உண்மை. ஆனால் ஒரு தடவை கீறல் விழுந்துவிட்டால் கடைய முடியாது, கடைந்தால் பூச்சு போய்விடும். சிலிண்டரையே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி பூச்சுப் போடும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். ஹட்டனில் நான் போகும் கராஜ் பாஸிடம் இதைக் கேட்டபோது, “தம்பி, 225னா இங்கயே செஞ்சு குடுத்துருவேன். 250னா சிலிண்டர நீங்க கொண்டு வந்து தாங்க, மாட்டித் தர்றேன்” என்றார். அந்த சிலிண்டரைத் தேடிக் கொழும்பில் பார்ட்ஸ் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏற வேண்டும், அல்லது ஜப்பானிலிருந்து வரவழைக்க வேண்டும். வரும்வரை வண்டி கராஜில் நிற்கும்.

நெடுநாள் தேயாத சிலிண்டருக்கு ஏன் இத்தனை கவலை என்று கேட்கலாம். தட்டை நாட்டில் ஓட்டுகிறவர் கேட்டால் நியாயம். இங்கே காற்றில் குளிரும் எஞ்சினை முதல் கியரில், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில், நீண்ட ஏற்றத்தில் ஏற்றுகிறோம். எஞ்சின் முழுப் பலத்தோடு உழைக்கிறது, ஆனால் குளிர்விக்கக் காற்று ஓடவில்லை. எண்ணெய் சூடேறி மெலிகிறது. அதே நேரம் எண்ணெய் மட்டமும் குறைவாக இருந்தால் பிஸ்டன் சுவரில் உரசிக் கீறிவிடும். அப்புறம் தை, மாசி வெயிலில் கிரவல் ரோட்டுத் தூசி. ஸ்பாஞ்ச் ஏர் பில்டரைக் கழுவி எண்ணெய் பூசாமல் விட்டால், அந்தத் தூசி உள்ளே போய் உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி சிலிண்டரைத் தேய்க்கும். நாம் வாங்குவது ஐந்தாவது ஆறாவது கையாக வரும் வண்டி. முன்பு ஓட்டியவர் பில்டரைக் கழுவினாரா, எண்ணெய் பார்த்தாரா என்பது யாருக்குத் தெரியும்? அவர் பார்க்காமல் விட்டதற்கு 225இல் லேத் கூலியும் ஒரு பிஸ்டன் செட்டும் ஆகும். 250இல் அதே தவறு உங்கள் கையில் வேறு கணக்காக வந்து நிற்கும்.

நியாயமாகச் சொன்னால், ஒரே கையில் கவனமாக ஓடிய 250 கிடைத்தால் அந்த சிலிண்டரைப் பல வருடம் திறக்கவே தேவை வராமல் போகலாம். எனக்குத் தெரிந்த 250கள் மிகச் சில, அவற்றில் எதுவும் சிலிண்டர் போனது இல்லை. 225க்கும் பார்ட்ஸ் எல்லாம் சுலபம் என்று சொல்ல மாட்டேன். முப்பது வருட வண்டி. வயரிங் காய்ந்து உடைகிறது, டேங்குக்குள் துரு, கார்புரேட்டரின் டயாப்ரம் ரப்பர் கிழிந்தால் எஞ்சின் சுழற்சி ஏறவே ஏறாது. இதையெல்லாம் எதிர்பார்த்து வாங்கும் விலையோடு ஒரு தொகையை ஒதுக்கி வைக்க வேண்டும்.

இரண்டில் எதை எடுத்தாலும் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் சேஸி நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டையும் வண்டியில் தொட்டுப் பாருங்கள். ட்ரெயில் பைக்குகளில் எஞ்சின் மாறியது, பாகங்களைச் சேர்த்துப் பூட்டியது எல்லாம் உண்டு. அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவாகாமல் இருந்தால் பிறகு உங்கள் பெயருக்கு மாற்றவும் முடியாது, விற்கவும் முடியாது.

தினமும் கார்ப்பட் ரோட்டிலேயே, பின்னால் ஆள் ஏற்றி, நாவலப்பிட்டிக்குக் கீழேயும் நுவரெலியாவுக்கு மேலேயும் ஓடுகிறவர் 250ஐ எடுக்கலாம், நான் தடுக்க மாட்டேன். தோட்டத்து ரோடு, டிவிசன் டிவிசனாகப் போகும் வேலை, பக்கத்து டவுனில் ஒரு கராஜ், இதுதான் உங்கள் வாழ்க்கை என்றால் 225.

பார்க்கப் போகும்போது வண்டியைக் கராஜ் வாசலில் நிறுத்தி உறுமவைத்துப் பார்ப்பதோடு விடாதீர்கள். நீண்ட இறக்கத்துக்குக் கொண்டு போங்கள். ஆக்சிலேட்டரை முழுக்க மூடி, கியரிலேயே இறக்கி, கீழே வந்ததும் திறங்கள். பின்னால் நீலப்புகை குப்பென்று வந்தால் பெரும்பாலும் வால்வ் சீல் (எண்ணெய் உள்ளே கசியாமல் தடுக்கும் ரப்பர்) போயிருக்கும், அது பெரிய செலவில்லை. பிறகு அதே ரோட்டில் மேலே ஏற்றுங்கள். ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது நீலப்புகை விடாமல் வந்தால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. 225ஆக இருந்தால் லேத் செலவைக் கழித்து விலை பேசுங்கள். 250ஆக இருந்தால், மாற்று சிலிண்டர் எங்கே இருக்கிறது, என்ன விலை என்று தெரியும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.