பழைய டீசல் ராம்: ஆட்டோமேட்டிக்கையே கட்டுவதா, மேனுவலுக்கு மாறுவதா?

1990களில் வந்த டாட்ஜ் ராம் 2500 பிக்கப்பின் 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் லேசில் சாகாது. பின்னால் உட்கார்ந்திருக்கும் 47ஆர்இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. என்னுடைய 1997 வண்டியில் அதைப் பிரிக்கும் வயது வந்தபோது இரண்டு வழி இருந்தது. நல்ல கிளட்ச் தகடுகளும் வலுவான டார்க் கன்வர்ட்டரும் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது) போட்டு அதையே மறுபடி கட்டலாம். இல்லையென்றால் அதே காலத்து ராமில் வந்த என்வி4500 ஐந்து கியர் மேனுவலுக்கு மாறலாம். நான் மேனுவலுக்குப் போனவன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

ஓட்டும் சுகத்தைப் பற்றிப் பேச அதிகமில்லை. நகர நெரிசலில் ஆட்டோமேட்டிக்தான் சுகம். இடது கால் வலிக்காது. நெடுஞ்சாலையிலும் அதற்கே ஒரு புள்ளி கூடுதல்: அதன் ஓவர்டிரைவ் (கடைசி கியர்) விகிதம் 0.69, மேனுவலின் ஐந்தாவது சுமார் 0.75. அதே வேகத்தில் மேனுவலில் எஞ்சின் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும். பாரத்தோடு மேட்டில் கிளம்பும்போது கதை மாறிவிடும். மேனுவலின் முதல் கியர் 5.61, ஆட்டோமேட்டிக்கினுடையது 2.45. எண் பெரிதானால் இழுவை கூடுதல்.

தொழிற்சாலையே ஆட்டோமேட்டிக் பெட்டியை எவ்வளவு நம்பியது என்பதைப் பாருங்கள். 1996 முதல் 1998 வரை மேனுவல் வண்டிக்கு 215 குதிரைத்திறன். ஆட்டோமேட்டிக்குக்கு அதே எஞ்சினை 180-க்கு அடக்கிவைத்தார்கள். (கியர்பாக்ஸை மாற்றிவிட்டால் அந்த 215 தானாக வந்துவிடாது. எரிபொருள் பம்ப்பிலும் கை வைக்க வேண்டும்.)

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. ஆட்டோமேட்டிக்கின் எதிரி சூடு. ட்ரைலர் இழுக்கும்போது கன்வர்ட்டர் லாக் ஆகாத (வழுக்காமல் எஞ்சினோடு நேராகப் பிணையாத) ஒவ்வொரு நிமிடமும் ஆயில் கொதிக்கிறது. இறங்கியதும் 'பார்க்'கில் போட்டு ஆறவிடலாம் என்றால், கம்பெனி வால்வு பாடியில் (ஆயிலைத் திசைதிருப்பும் பகுதி) பார்க் நிலையில் கூலருக்கு ஆயிலே ஓடாது. நியூட்ரலில்தான் விட வேண்டும். உள்ளே டிரம்மை இறுக்கிப் பிடிக்கும் பேண்டைச் சரிசெய்ய வேண்டும், ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் சோலினாய்டு, சென்சார் எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். த்ராட்டில் சென்சார் கொஞ்சம் தடுமாறினாலும் லாக்கப் விழுவதும் விடுவதுமாக ஆடும். அக்கறையாகக் கட்டிய பெட்டி நன்றாக உழைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அப்படிக் கட்டத் தெரிந்தவர் கிடைக்க வேண்டும், கட்டியபின் வெப்பமானியிலிருந்து கண்ணை எடுக்கவும் கூடாது.

என்வி4500-இல் பேர்போன பலவீனம் ஒன்று உண்டு: மெயின்ஷாஃப்ட்டின் வால்பக்கம் ஐந்தாவது கியரைப் பிடித்திருக்கும் நட். கம்மின்ஸின் அதிர்வில் கியர் ஸ்ப்ளைன்மேல் (ஷாஃப்ட்டில் வெட்டிய பற்கள்) முன்னும் பின்னும் ஆடி, நட் மெல்லக் கழன்று, ஐந்தாவது போய்விடும். மற்ற நான்கும் வேலை செய்யும் என்பதால் மெதுவாக வீடு வந்து சேரலாம். ஸ்ப்ளைன் முழுநீளமும் வெட்டிய ஷாஃப்ட் வெளிச்சந்தையில் கிடைக்கிறது. பெட்டி எப்படியும் கீழே இறங்கியிருக்கும்போதே அதைப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். பளுவோடு ஐந்தாவதில் எஞ்சினை முக்கவிடாமல் கீழ் கியருக்கு இறக்கினால் நட்டுக்கும் நல்லது. ஆயில் ஜி.எல்-4 தரத்துச் சிந்தெடிக், கையில் இருக்கிறதே என்று ஜி.எல்-5 ஊற்றாதீர்கள். அதற்குமேல் அவ்வப்போது கிளட்ச் தகடு, ஹைட்ராலிக். எல்லாம் வீட்டு முற்றத்தில் முடியக்கூடிய வேலை, பெட்டியின் எடையைத் தாங்க ஜாக் இருந்தால்.

செலவு எங்கே எகிறும் என்றால், சில்லறையாக வாங்குவதில். பெடல் சட்டம், கிளட்ச்சின் மாஸ்டர், ஸ்லேவ் சிலிண்டர்கள், ஃப்ளைவீல், கிராஸ்மெம்பர், டிரைவ்ஷாஃப்ட் என்று பட்டியல் நீளும். அடிபட்டுக் கழித்த மேனுவல் ராம் ஒன்றை முழுசாக வாங்கி உரிப்பதே மலிவு. நான்கு சக்கரமும் இழுக்கும் (4x4) வண்டியானால், விசையை முன்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் உள்ளீட்டு ஸ்ப்ளைனை எண்ணிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மறுவிற்பனையில் மேனுவலுக்குத் தேடி வரும் ஆட்கள் உண்டு. 2018-க்குப் பிறகு ராம் கனரக வண்டிகளிலும் மேனுவல் நின்றுபோனது. ஆனால் கம்பெனியே மேனுவலாக விட்ட வண்டிக்கும் மாற்றிய வண்டிக்கும் ஒரே விலை கிடைக்குமா? நான் விற்றுப் பார்க்கவில்லை.

1998 நடுவிலிருந்து வந்த 24 வால்வு எஞ்சினில் நான் கை வைத்ததும் இல்லை. என்னுடையது போன்ற பழைய 12 வால்வில் எரிபொருள் பம்ப் முழுக்க இயந்திரம் என்பதால் கணினி முனகினாலும் எஞ்சின் ஓடும். 24 வால்வில் பம்ப்பே மின்னணு. அந்த வண்டி வைத்திருப்பவர் வயரிங் தெரிந்தவரைக் கேட்டுவிட்டு இறங்கட்டும். பாரம் இழுக்காமல் தினமும் ஊருக்குள் ஓட்டுகிறவரும், கிளட்ச் பழகாத ஆள் வீட்டில் இருப்பவரும் ஆட்டோமேட்டிக்கையே நன்றாகக் கட்டிக்கொள்ளலாம்.