குழாய்க்கிணறு அடிக்கும் சேவை: துளை சரி, அளவுதான் இடிக்கிறது

இலங்கையின் ஊவா மாகாணத்தில் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் கம்பிரசர் ரிக்கோடு (காற்றழுத்தத்தில் துளையிடும் இயந்திரத்தோடு) வந்து குழாய்க்கிணறு அடித்துத் தரும் சேவை ஒன்றைப் பற்றியது இது. பெயர் வேண்டாம், இந்தக் குறை அநேகமாக எல்லாரிடமும் இருக்கிறது.

துளையிடும் வேலை சுத்தம். உக்கிய பாறை முடிந்து கெட்டிப் பாறை தொடங்கிய பிறகே கேசிங் பைப்பை, அதாவது துளையின் மேற்பகுதி இடியாமல் தாங்கும் குழாயை, நிறுத்துகிறார்கள். அதற்கு மேலேயே நிறுத்தினால் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் கலங்கும். பைப்பைச் சுற்றிச் சீமெந்துக் கூழ் ஊற்றுவதை மட்டும் நாமே கேட்டு வாங்க வேண்டும். சரிவில் மேல்வீட்டுக் கக்கூஸ் குழி இருக்கிற ஊரில் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பதிவுப் புத்தகம்தான் மோசம். கூலி அடிக்கணக்கில் என்பதால் மொத்த அடி மட்டும் கவனமாக எழுதப்படுகிறது. ஒவ்வொரு ரொட்டும் (ஒன்றோடொன்று பொருத்தி இறக்கும் துளைத் தண்டு) இறங்க எடுத்த நேரம், வெளியே வரும் தூளின் நிறம், ஈரம் கண்ட ஆழம் எதுவும் இல்லை. சாம்பல் நிறத் தூள் திடீரென்று பழுப்பாகி, தண்டின் நுனியில் பாறையை உடைக்கும் ஹேமரும் வேகமாக இறங்கினால் அங்கே பாறை வெடிப்பு இருக்கிறது; தண்ணீர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வரும். அந்த ஆழம் தெரியாவிட்டால் மோட்டரைக் குருட்டுத்தனமாகத்தான் தொங்கவிட வேண்டும். முக்கிய வெடிப்புக்குக் கீழே நீர்மட்டம் இறங்கினால் காற்றுப் பட்டு, தண்ணீரில் உள்ள இரும்பு துருவாகப் படிந்து வழியை அடைத்துவிடும். அதனால் மோட்டர் அதற்கு மேலேயே நிற்க வேண்டும்.

கடைசியில் கம்பிரசரால் ஊதிக் காட்டி, "நிமிடத்துக்கு 40 லீற்றர்" என்று துண்டில் எழுதித் தருகிறார்கள். பீய்ச்சியடிப்பதைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். 6 அங்குலத் துளையில் ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 18 லீற்றர் தேங்கி நிற்கும். 60 மீற்றர் என்றால் சுமார் 1,100 லீற்றர். நிமிடத்துக்கு 40 வீதம் இறைத்தால் முதல் அரை மணி நேரம் வருவதில் பெரும்பங்கு இந்தச் சேமிப்புத்தான். குறைந்தது ஆறு மணி நேரம் ஒரே வேகத்தில் இறைத்து, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்திய பின் எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று குறிக்க வேண்டும்.

இறைக்கும் தண்ணீரை அளப்பதற்கு 90 பாகை 'வி' வெட்டுத் தகடு மலிவானது; 'வி' வடிவ வெட்டு வழியாகத் தண்ணீரை விட்டு, அதன் உயரத்தைக் கொண்டு அளவைக் கணிக்கலாம். வெட்டின் அடியிலிருந்து நீர் உயரம் 5 சென்ரிமீற்றர் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 46 லீற்றர், 3 என்றால் 13 மட்டுமே. தகட்டின் வாயில் தண்ணீர் வளைந்து விழுவதால், சற்றுப் பின்னால் தள்ளி வாசிக்க வேண்டும். இவர்களிடம் தகடு இருந்தது, லொறியின் மூலையில்.

ஊவாப் பக்கம் டிசம்பர் மழையில் எடுத்த கணக்கு ஓகஸ்டில் செல்லாது. உமா ஓயா நீர்மின் திட்டச் சுரங்கத்துக்குள் 2014 இறுதியில் தண்ணீர் பீறிட்ட பிறகு பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இறைக்காத நேரத்து நீர்மட்டத்தை முதல் நாளே அளந்து திகதியோடு வாங்கி வைத்தவர்களால்தான் பிறகு ஏதாவது பேச முடியும்.

துளைக்கு நான்கு நட்சத்திரம், சோதனைக்கு ஒன்று. ரொட் வாரியான பதிவும் இறைப்புத் தாளும் கைக்கு வரும்வரை மீதிக் காசைக் கொடுக்க வேண்டாம். மரக்கறித் தோட்டத்துக்குக் கீழே அடித்த கிணறு என்றால் உரத்திலிருந்து தண்ணீரில் கலக்கும் நைத்திரேற்றையும் சோதிக்கக் கொடுங்கள்.