அடிக்குறிப்பில் அடங்காத ஒரு நடிகை: நூல் மதிப்புரை

பிலிப்பைன்ஸின் தொடக்ககால நடிகைகளில், இசபெல் ரொசாரியோ கூப்பரைப் போல ஊரறியப் பேசப்பட்டும் உள்ளபடி அறியப்படாமல் போனவர் வேறொருவர் இருப்பாரா என்பது ஐயமே. அமெரிக்கப் படைத்தளபதி ஜெனரல் டக்ளஸ் மெக்கார்தரின் வாழ்க்கை வரலாறுகளில் ஓரிரு வரிகளில் தலைகாட்டி மறைகிற அவரை நடுநாயகமாக வைத்து, ஹவாய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய வெர்னடெட் விகுன்யா கொன்சாலஸ் எழுதிய ஆங்கில நூல் 'எம்பயர்ஸ் மிஸ்ட்ரஸ்' (பேரரசின் ஆசைநாயகி). ட்யூக் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2021-இல் வெளியிட்ட இந்நூலை, பழைய ஆசிய சினிமாவில் ஆர்வமுள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

அமெரிக்கத் தந்தைக்கும் பிலிப்பினோ தாய்க்கும் பிறந்த இசபெல், 1920-களின் மணிலாவில் 'டிம்பிள்ஸ்' என்ற பெயரில் ஆடியும் பாடியும் புகழ் பெற்றவர். அமெரிக்க ஆட்சியோடு வந்திறங்கிய ஆட்டமும் பாட்டும் நகைச்சுவையும் கலந்த 'வாடவில்' மேடை நிகழ்ச்சிகளை மணிலாக் கலைஞர்கள் தமதாக்கிக்கொண்டிருந்த காலம் அது. பிலிப்பைன்ஸ் சினிமாவின் தந்தை எனப்படும் ஹோசே நெபோமுசேனோ 1926-இல் எடுத்த மௌனப்படம் ஒன்றில் அவர் நடித்தார். அந்நாட்டுத் திரையின் முதல் முத்தக் காட்சி அதில் இடம்பெற்றதால், அந்த ஒரு காட்சியே அவரது நடிப்புக்கு முழு விலாசமாகிவிட்டது. அந்தப் படம் இன்று கிடைக்காத நிலையில், இசபெல் எப்படி நடித்தார் என்பதைக் கண்ணால் கண்டு சொல்ல நமக்கு வழியில்லை. இந்த இழப்பை மூடி மறைக்காமல் எழுதியிருப்பது நூலாசிரியரின் நேர்மை.

மணிலாவில் மெக்கார்தரோடு ஏற்பட்ட பழக்கமும், 1930-இல் அவர் அமெரிக்கத் தரைப்படைத் தலைமைத் தளபதியானதும் இசபெல் வாஷிங்டனுக்கு வரவழைக்கப்பட்டதும் ஏற்கெனவே பலர் எழுதியவைதாம். தம்மோடு வாழ்ந்த தாயாருக்குத் தெரியாமல் மெக்கார்தர் அவரைத் தனியே ஒரு குடியிருப்பில் வைத்திருந்தார். உறவு முறிந்தபோது, ஊர் திரும்பக் கப்பல் டிக்கெட்டையும், வேலை தேடிக்கொள்ளச் சொல்லிச் செய்தித்தாளின் 'ஆள் தேவை' விளம்பரங்களையும் அனுப்பினார் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். மேடையிலும் திரையிலும் உழைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு அந்தத் துண்டு விளம்பரத்தை அனுப்ப ஒரு மனிதருக்கு எப்படி மனம் வந்தது என்று நினைக்கும்போது எனக்கு இன்னமும் நெஞ்சு கொதிக்கிறது. தம்மைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர் ட்ரூ பியர்சன் மீது 17.5 லட்சம் டாலர் இழப்பீடு கேட்டு 1934-இல் மெக்கார்தர் தொடுத்த அவதூறு வழக்கு, இசபெலும் அவருக்கு மெக்கார்தர் எழுதிய காதல் கடிதங்களும் பியர்சன் பக்கம் இருப்பது தெரிந்தவுடன் திரும்பப் பெறப்பட்டது. கடிதங்களுக்கு ஈடாக 15,000 டாலர் கைமாறியது. மற்ற நூல்களில் இது ஒரு தளபதிக்கு நேர்ந்த சங்கடம். இந்த நூலிலோ, இரண்டு செல்வாக்குள்ள ஆண்களின் மோதலுக்கு நடுவே தன் கையிலிருந்த ஒரே துருப்புச்சீட்டை விலைபேசிய பெண்ணின் கணக்கு.

ஆவணங்கள் மௌனமாகும் இடங்களில் கொன்சாலஸ் கற்பனைப் பகுதிகளை எழுதிச் சேர்த்திருக்கிறார். வரலாற்று நூலில் புனைவுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இருப்பார்கள்; அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால், எது சான்று, எது கற்பனை என்பது வாசகருக்குத் தெரியும்படியே அவை அமைந்திருக்கின்றன. இசபெலைப் பற்றிக் கிடைக்கும் பெரும்பாலான சான்றுகளை விட்டுச்சென்றவர்கள் ஆண்கள். அவற்றை மட்டுமே நம்பினால், அவர்கள் வரைந்த சித்திரம்தான் மறுபடியும் நமக்குக் கிடைக்கும். என் மதிப்பீட்டில் நூலின் பெரும்பலம் இந்தப் பகுதிகள்தாம்.

ஹாலிவுட் பற்றிய செய்திகளை நிதானமாகப் படிக்க வேண்டும். அங்கே 'சாபிங்' என்ற பெயரில் நடித்தவருக்குக் கிடைத்தவை, 1943-இல் ஒரு போர்ப்படத்தில் பிலிப்பினோ செவிலி, 1946-இல் சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னரின் மனைவியருள் ஒருத்தி என்ற அளவிலான துணுக்கு வேடங்களே. மணிலாவில் பெயர் சொன்னாலே கூட்டம் சேர்ந்த நடிகைக்கு, பெயர்ப் பட்டியலில்கூட இடம் தராத வேடங்கள். 1960-இல், கையில் காசில்லாத நிலையில், அங்கேயே அவர் இறந்தார். அவரைப் பரிதாபத்துக்குரிய காவிய நாயகியாக்கிக் கண்ணீர் வரவழைக்க நூலாசிரியர் முயலவில்லை. பிலிப்பைன்ஸை ஆண்ட வல்லரசின் அதிகாரம் ஒரு தனிமனுஷியின் வீட்டுக்குள்ளும் வேலையிடத்திலும் எப்படி நுழைந்தது என்பதிலேயே கண்ணாக இருக்கிறார்.

குறை ஒன்றுண்டு. கல்விப்புலத்துக்காக எழுதப்பட்ட நூல் என்பதால், பேரரசு, நெருக்கம், ஆவணக்காப்பகம் பற்றிய கோட்பாட்டு விவாதங்கள் சில இடங்களில் கதையோட்டத்தை மறித்து நிற்கின்றன. அத்துறைக்குப் புதியவர்கள் முதல் வாசிப்பில் அவற்றை மேலோட்டமாகக் கடந்து, கற்பனைப் பகுதிகளையும் வாழ்க்கை நிகழ்வுகளையும் முடித்த பிறகு திரும்பி வருவது நல்லது. மெக்கார்தரின் அந்தரங்கத்தைத் தேடி வாங்குபவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். இதில் அவர் துணைப்பாத்திரம்தான்.