பிளாஸ்டிக்குக்கு "செராமிக் கோட்டிங்" என்று 6,500 ரூபாய் பிடுங்குகிறார்கள், உஷார்!

கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். இன்று மதியம்தான் அந்தக் கடையிலிருந்து திரும்பி வந்தேன், கை இன்னும் நடுங்குகிறது. செராமிக் கோட்டிங் என்றால் மேற்பரப்பில் கெட்டியாகப் படிந்து காக்கும் ஒரு பூச்சு. வீல் ஆர்ச்சுக்கும் (சக்கரத்துக்கு மேலே வளைவாக இருக்கும் பகுதி), வண்டிக்கு வெளியே இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக்குக்கும் குறைந்த செலவில் எதைப் பார்த்து வாங்கலாம் என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் என் 6,500 ரூபாய் எப்படிப் போனது என்று சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது வெள்ளை ஃபோர்டு எக்கோஸ்போர்ட், 2016 மாடல், நம்ம மறைமலை நகரில் செய்தது. அந்த வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், நாலு சக்கரத்தைச் சுற்றியும் கதவுக்குக் கீழேயும் பம்பரிலும் பெயின்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக்தான். சென்னை வெயிலில் வருடக்கணக்காக நின்றால் அது சாம்பல் பூத்துவிடும். வண்டி நன்றாக ஓடினாலும் பார்க்கக் கிழடு தட்டிப் போகும். ஃபோர்டு இங்கே 2021-லேயே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது, அதனால் இருக்கிற பாகங்களைக் காப்பாற்றி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு எப்போதும் ஒரு கவலை. அந்தக் கவலையைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

புறநகர்ச் சாலையில் "கார் டீடெய்லிங்" என்று பெரிய போர்டு வைத்த கடை. ஏசி போட்ட வரவேற்பு அறை, கண்ணாடி அலமாரியில் வெளிநாட்டு பாட்டில்கள். வாட்டர் வாஷுக்குத்தான் போனேன். கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து, பம்பர் மூலையைத் தடவிப் பார்த்து, "தம்பி, இதை இப்படியே விட்டா அடுத்த வருஷம் வெடிப்பு விட்டுரும். இதுக்கு பார்ட்ஸ் எங்க போய்த் தேடுவீங்க?" என்றார். ஒரு சின்ன ஸ்பாஞ்சில் எதையோ தொட்டு பம்பரின் பாதியில் மட்டும் தேய்த்தார். அந்தப் பாதி ஷோரூமில் இருந்து வந்த மாதிரி கறுகறுவென்று ஆனது, மறுபாதி சாம்பலாகவே நின்றது. அதன் மேல் ஒரு மக் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. "இது செராமிக். ரெண்டு வருஷம் வாரன்ட்டி. வீல் ஆர்ச் உள்பக்கமும் சேர்த்துப் பண்ணித் தர்றேன், சேறே ஒட்டாது. வெளியில 12,000. உங்களுக்கு 6,500. என் தம்பி வண்டின்னா என்ன பண்ணுவேனோ அதைத்தான் பண்றேன்."

அவர் பேச்சில் ஒரு அவசரமும் இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். கண் முன்னாலேயே செய்து காட்டுகிறவரை யார் சந்தேகப்படுவார்கள்? அங்கேயே ஜிபேயில் 6,500 ரூபாய் அனுப்பினேன்.

அந்தத் தண்ணீர் முத்து வித்தையைப் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். எந்த எண்ணெய்ப் பசையைத் தடவினாலும் தண்ணீர் அப்படித்தான் உருளும். சாம்பல் பூத்த பிளாஸ்டிக்கும் எந்த எண்ணெய் பட்டாலும் கறுக்கும். அந்த பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் மேல்தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும்போது நுண்ணிய பள்ளங்கள் விழுந்து வெளுத்துத் தெரிகிறது. எண்ணெய் போய் அந்தப் பள்ளங்களில் நிற்கும் வரை கறுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். உண்மையான கோட்டிங் என்றால் முதலில் பழைய பசையையெல்லாம் கழுவி, காயவைத்து, ஆல்கஹால் போட்டுத் துடைப்பார்கள். பிறகு சில மில்லி மட்டும் ஒவ்வொரு பகுதியாகத் தடவுவார்கள். பூசிய பிறகு ஒரு நாளாவது தண்ணீர் படக்கூடாது. இவர்கள் வாஷ் முடிந்த ஈரம்கூடக் காயாமல் தேய்த்தார்கள். வீல் ஆர்ச்சுக்குள் சக்கரத்தைக் கழற்றாமல் ஸ்ப்ரே கன்னை விட்டு அடித்தார்கள். நான் இரண்டாவது டீ குடித்து முடிப்பதற்குள் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்து வந்த முதல் மழையிலேயே எல்லாம் வழிந்தது. வெள்ளைக் கதவு முழுக்கப் பழுப்பு நிறத்தில் கோடு கோடாக இறங்கியிருந்தது. சோப்பு போட்டுத் தேய்த்தால் கையெல்லாம் பிசுபிசுப்பு, மண்ணெண்ணெய் வாடை. சேறே ஒட்டாது என்று சொன்ன வீல் ஆர்ச்சில் தூசி கட்டி கட்டியாக அப்பிக்கிடந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிரேக் விஷயத்தைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. மேம்பாலத்தில் இறங்கும்போது பிரேக் மிதித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. பின் சீட்டில் என் மகள். மெக்கானிக் அண்ணன் முன்பக்கச் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்துவிட்டு, வலது பக்க டிஸ்க்கைத் தொட்ட விரலை மோந்து பார்த்தார். "யாரு தம்பி இதுக்குள்ள ஆயில் அடிச்சது? பேடெல்லாம் ஊறிப்போச்சு. டீசல்ல ஏதோ கலந்து அடிச்சிருக்கானுங்க" என்றார். வலது பக்க பிரேக் சரியாகப் பிடிக்காததால்தான் வண்டி இடது பக்கம் இழுத்திருக்கிறது. இரண்டு பக்கமும் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) மாற்றி, டிஸ்க்கைச் சுத்தம் செய்ததற்குத் தனியாகச் செலவு. பளபளப்புக்காக ஒரு குடும்பத்தின் உயிரோடு விளையாடியிருக்கிறார்கள்.

கடைக்குப் போன் செய்தேன். "மழையில ஓட்டினீங்களா சார்? அப்ப அப்படித்தான் ஆகும்." மழையில் ஓட்டக்கூடாத காருக்கு எதற்கு வாரன்ட்டி? கேட்டால், "ஓனர் ஊர்ல இல்ல, வந்ததும் கூப்பிடச் சொல்றேன்." யாரும் கூப்பிடவில்லை. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. இன்று நேரில் போனால் ஊரில் இல்லாத அதே ஓனர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். என்னைத் தெரியாத மாதிரியே, "பில் இருக்கா சார்?" என்றார். எடுத்து நீட்டினேன். "இதுல பாலிஷ்னுதானே போட்டிருக்கு? கோட்டிங்னு எங்க இருக்கு? பாலிஷுக்கு வாரன்ட்டி கிடையாது" என்றார். நிஜமாகவே அதில் "வாஷ் + பாலிஷ் 6,500" என்றுதான் எழுதியிருக்கிறது. ஜிஎஸ்டி எண் இல்லை, பொருளின் பெயர் இல்லை, எதுவும் இல்லை. கடைசியில், "இன்னொரு 1,500 குடுங்க, டாப் கோட் அடிச்சுத் தர்றேன், அப்புறம் வழியாது" என்கிறார்! பிரேக்கைப் பற்றிச் சொன்னதற்கு, "பழைய வண்டி சார்" என்ற ஒரே பதில். அந்த பாட்டிலைக் காட்டுங்கள் என்று கேட்டேன். பையன் கொண்டுவந்தது லேபிளே இல்லாத ஒரு வெள்ளை கேன். அலமாரியில் இருக்கும் வெளிநாட்டு பாட்டில்கள் பார்வைக்கு மட்டும்தான் போல.

6,500 ரூபாய். என் மகளின் ஒரு மாத ஸ்கூல் வேன், டியூஷன் எல்லாம் அதில் அடங்கிவிடும்.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

வீல் ஆர்ச்சுக்கு செராமிக் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். தினமும் சேறும் கல்லும் அடிக்கிற இடம் அது. சோப்புத் தண்ணீரும் பிரஷும் போட்டுக் கழுவி, தண்ணீர் அடிப்படையிலான டிரெஸ்ஸிங்கை (பிளாஸ்டிக், ரப்பருக்குக் கறுப்பும் பளபளப்பும் தரும் திரவம்) மேலும் நீர் கலந்து தடவினாலே போதும். தண்ணீர் கலக்கும் அளவை பாட்டிலிலேயே போட்டிருப்பார்கள். மெகுயார்ஸ் கம்பெனியின் ஹைப்பர் டிரெஸ்ஸிங்கை 1:4 வரைகூட, அதாவது ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் வரை, கலக்கலாம். ஒரு முறை வாங்கினால் ரொம்ப நாள் வரும்.

இந்தத் தண்ணீர் வகை பெரும்பாலும் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், காய்ந்தால் கையில் ஒட்டாது. கண்ணாடி மாதிரித் தெளிவாக, பெட்ரோல் வாடையோடு இருந்தால் வேண்டாம். அது தூசியை இழுக்கும், ரப்பரையும் கெடுக்கலாம்.

லேபிள் இல்லாத கேனிலிருந்து எதையும் அடிக்க விடாதீர்கள். பேக் செய்து விற்கிற பொருளில் தயாரித்தவர் பெயர், முகவரி, அளவு, எம்ஆர்பி எல்லாம் இருக்கவேண்டும் என்பது சட்டம்.

டிஸ்க், பேட், டயரின் ரோட்டில் படுகிற பகுதி, இவற்றின் மேல் ஒரு சொட்டும் படக்கூடாது. ஸ்பாஞ்சில் எடுத்துத் தடவச் சொல்லுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் பில்லில் பொருளின் பெயரையும் வாரன்ட்டியையும் எழுதி வாங்குங்கள்.

நாளைக் காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுக்கப் போகிறேன். ஜிபே ரசீது, மெக்கானிக் பில், போட்டோக்கள் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால் கீழே எழுதுங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம். 6,500 ரூபாயை நான் விடப் போவதில்லை.