ஒரே காந்தாரிச் செடி, நான்கு வருடம்

மார்த்தாண்டத்தில் அத்தை வீட்டுக் கொல்லையிலிருந்து பழுத்த காந்தாரி மிளகாய் பத்துப் பறித்து வந்து, மதுரையில் எங்கள் மாடியில் விதை போட்டு 4 வருடமாகிறது. அதில் தேறிய செடி ஒன்று இன்றும் காய்க்கிறது. பச்சை மிளகாய்ச் செடியை ஒரு பருவம் முடிந்ததும் பிடுங்கிவிடுவோம். காந்தாரியை அப்படிச் செய்யாதீர்கள், பாவம். அது வருடக்கணக்கில் நிற்கிற செடி.

முளைக்க 18 நாள் ஆனது. செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றையும் கலந்து 15 அங்குல க்ரோ பேக்கில் வைத்தேன். மற்றபடி பெரிய பராமரிப்பு இல்லை. சித்திரை வெயிலில் மட்டும் பூவெல்லாம் கொட்டிவிடும், பச்சை வலை கட்டியே ஆக வேண்டும்.

இரண்டாம் வருடம் இலை சுருள ஆரம்பித்தது. பூச்சிமருந்துக் கடையில் சொன்னதை வாங்கி மூன்று வாரம் அடித்தேன், ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு கொழுந்தைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தால், நரம்போரம் வெளிறிய புள்ளிகள் மெல்ல நகர்கின்றன. சிலந்திப்பேன்! அதற்கு எட்டுக் கால், பூச்சி இனமே இல்லை. பூச்சிக்கென்று விற்கிற மருந்து பலவும் அதை ஒன்றும் செய்யாது. இலை படகு மாதிரி மேல்நோக்கி மடிந்தால் இலைப்பேன் என்ற பூச்சி. கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலைக்காம்பும் நீண்டால் சிலந்திப்பேன். இதை முதலிலேயே பார்த்திருந்தால் அந்த மூன்று வாரம் வீணாகியிருக்காது.

மனதைக் கல்லாக்கிக்கொண்டு முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்தேன். வெட்டியதைச் செடியருகே போடாமல் அப்புறப்படுத்தினேன். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். வாரம் ஒருமுறை சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனைய அடித்தேன். ஒரு மாதத்தில் தெளிந்த தளிர் வந்தது.

பறித்த கையில் எரிச்சல் இருந்தால் வெறும் தண்ணீர் உதவாது. தேங்காயெண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போடுங்கள். காந்தாரி, சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), கல்லுப்பு மூன்றையும் நசுக்கித் தேங்காயெண்ணெய் விட்டு, அவித்த மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கோடு சாப்பிட்டால் அத்தை வீட்டுத் திண்ணைதான் ஞாபகம் வரும்.

பழுத்ததைக் கொண்டைக்குருவிக்கு விட்டுவிடுகிறேன். பறவைகளுக்குக் காரம் உறைக்காது, விதையும் கெடாமல் எச்சத்தில் விழும். போன மாதம் கறிவேப்பிலைத் தொட்டியில் நான் போடாத காந்தாரிக் கன்று ஒன்று முளைத்தது, நாலு இலையோடு நிற்கிறது.