நெக்ரோஸ் கரும்புத் தோட்டம்: குடியிருக்கும் கூலியா, வந்துபோகும் கூலியா?

பிலிப்பைன்ஸின் நெக்ரோஸ் தீவில் கரும்பு வெட்டிப் பிழைக்க இரண்டு வழி. பண்ணைக்குள்ளேயே குடியிருக்கும் ‘டுமாஅன்’ ஆகலாம். அல்லது பக்கத்துப் பனாய் தீவிலிருந்து சீசனுக்கு மட்டும் வரும் ‘சகாடா’ ஆகலாம்.

சகாடாவின் கணக்கு ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே கடனில் தொடங்குகிறது. ஆள் பிடிக்கும் மேஸ்திரி, வீட்டுக்கு அரிசியோ பணமோ முன்பணமாகக் கொடுப்பார். வந்தபின் கொட்டகையில் படுக்கை, கடனில் சாப்பாடு. கூலி பெரும்பாலும் நாளுக்கு இல்லை, வெட்டி ஏற்றிய டன்னுக்கு. அதுவும் குழுவுக்குச் சேர்த்து. வெட்டுவது பாதி வேலைதான். கரும்புக் கட்டைத் தோளில் தூக்கி, சாய்த்து வைத்த பலகை மேல் ஏறி லாரியில் போட வேண்டும். மழையில் வேலை நின்றால் சாப்பாட்டுக் கடன் மட்டும் ஏறும்.

டுமாஅனுக்குக் குடும்பம் கூடவே இருக்கிறது. ஆனால் வீடு முதலாளி நிலத்தில். வாயைத் திறந்தால் வேலையோடு வீடும் போகலாம். அப்புறம் ஆலை நிற்கும் மாதங்களில் கூலி கிட்டத்தட்ட இல்லை. சகாடா அதற்குள் ஊர் திரும்பி நெல் நட்டிருப்பார், வயல் என்று ஒன்று இருந்தால். 1980-களின் நடுவில் சர்க்கரை விலை சரிந்தபோது இந்தப் பண்ணைக் குழந்தைகள் பட்டினியில் வாடினார்கள்.

இருந்தாலும் டுமாஅன் ஒரு படி மேல் என்பேன். 1988 நிலச் சீர்திருத்தச் சட்டம், நிலம் பெறும் வரிசையில் நிரந்தரத் தொழிலாளரைச் சீசன் தொழிலாளருக்கு முன்னால் வைக்கிறது. சரி, பத்திரம் கிடைத்த பலரும் உரத்துக்குக் காசில்லாமல் நிலத்தைப் பழைய முதலாளிக்கே குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள்.